கொடையா, கோடைமலையா? சின்னப் பிள்ளைகளோடு ஒரு மே மாதக் கணக்கு

சென்னையில் வேலை, திருநெல்வேலிப் பக்கம் சொந்த ஊர், ஆறு வயதில் ஒன்றும் ஒன்றரை வயதில் ஒன்றுமாக இரண்டு பிள்ளைகள். இப்படி ஒரு வீட்டில் ஏப்ரல் கடைசி முதல் ஜூன் முதல் வாரம் வரை உள்ள லீவு பார்க்கத்தான் நீளம். பிள்ளைக்கு ஒரு மாதத்துக்கு மேல் லீவு கிடைக்கும்; பெற்றவர்களுக்கு ஆபீசில் ஒரு வாரம் கிடைத்தாலே பெரிது. அதற்குள் சின்னவளுக்கு மொட்டை போட்டுக் காது குத்த வேண்டும், பெரியவனை எங்காவது குளிர்ச்சியான இடத்துக்குக் கூட்டிப் போக வேண்டும், ஆச்சி தாத்தாவோடு நாலு நாள் இருக்க வேண்டும், கல்லூரி நண்பர்களின் குடும்பங்களோடு ஒரு தடவையாவது கூட வேண்டும்.

எங்கள் வீட்டில் அடிபட்ட பெயர்கள் இவை. நாத்தனார் குடும்பத்தோடு சேர்ந்து ஊட்டி அல்லது கொடைக்கானல். மாமியார் சொல்வது ஊர்க் கோயில் கொடை, அதாவது எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழா. மாமனாருக்குக் குற்றாலம். நண்பர்கள் குழுவில் ஈசிஆர் பங்களா. அப்புறம், யாரும் பெரிதாக மதிக்காத ஏலகிரி. எல்லாவற்றையும் நான் இரண்டு கேள்விகளை வைத்துத்தான் எடை போட்டேன். சின்னவள் எத்தனை மணி நேரம் வண்டியில் உட்கார வேண்டும்? போன இடத்தில் சமையலும் பாத்திரமும் யார் தலையில் விழும்? இடத்தின் அழகெல்லாம் அதற்குப் பிறகுதான். சொந்தக்காரர்களையும் நண்பர்களையும் ஒரே பயணத்தில் அடைக்கப் பார்க்கும் யோசனைகளை முதலிலேயே தள்ளிவிட்டேன். அந்த இரண்டு கூட்டத்துக்கும் தேவை வேறு வேறு.

மே மாத ஊட்டி

ஊட்டி என்றால் வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் மனசு வராது. கடல்மட்டத்துக்கு மேல் 2,240 மீட்டர். இங்கே கத்திரி வெயில் மண்டையைப் பிளக்கும்போது அங்கே ஸ்வெட்டரோடு நடக்கலாம். 1848-இல் தொடங்கிய தாவரவியல் பூங்காவில் மலர்க் கண்காட்சியும் மே மாதத்தில்தான். ஆனால் நமக்குத் தெரிந்த இந்த விஷயம் கேரளாவுக்கும் கர்நாடகாவுக்கும் தெரியும். நெரிசல் அளவு மீறிப் போனதால் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரலில் அதற்கு எண்ணிக்கையும் வைத்தார்கள். ஊட்டிக்கு வார நாட்களில் 6,000 வண்டிகள், சனி ஞாயிறில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. மூன்று குடும்பங்கள் மூன்று காரில் கிளம்பினால் மூன்று பாஸ் வேண்டும். இரண்டு கிடைத்து ஒன்று கிடைக்காவிட்டால் யார் திரும்பிப் போவது என்று கேட்டேன், வாட்ஸாப் குழுவில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அரசுப் பஸ்ஸிலோ ரயிலிலோ போனால் பாஸ் தேவையில்லை. சென்ட்ரலில் இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறி, விடிந்ததும் மேட்டுப்பாளையத்தில் இறங்கி, ஏழு மணி வாக்கில் கிளம்பும் மலை ரயிலைப் பிடிக்கலாம். 46 கி.மீ. பாதை, 16 குகைகள், 250 பாலங்கள், குன்னூர் வரை பல்சக்கரத்தைப் பிடித்து ஏறும் நீராவி இன்ஜின். 2005-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. பெரியவன் அதை ஆயுசுக்கும் மறக்க மாட்டான். சின்னவளுக்கோ, அந்த நெருக்கமான பெட்டியில் ஏறக்குறைய ஐந்து மணி நேரம் மடிச் சிறை. மேயில் டிக்கெட் கிடைப்பதும் லேசில்லை. கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கு என் யோசனை: குன்னூர் வரை பஸ்ஸில் போய், குன்னூரிலிருந்து ஊட்டிக்கு மட்டும் ரயில் ஏறுங்கள். ஒரு மணி நேரச் சொச்சம்தான். புகை விடும் இன்ஜின் இல்லை, அந்தப் பகுதியில் டீசல். ஆறு வயதுக்கு அது பெரிய குறையாகத் தெரியாது.

ஊட்டிக்கு ஒரு பெரிய நன்மை உண்டு, அதை மறைக்கக் கூடாது. அங்கே யாரும் சமைக்க வேண்டாம். மூன்று நாள் கரண்டியைத் தொடாமல் இருப்பது எவ்வளவு பெரிய விடுமுறை என்பது வீட்டில் சமைக்கிறவர்களுக்குத்தான் தெரியும். குழந்தைக்கு ரசம் சாதம் பிசைய ஒரு சின்ன எலெக்ட்ரிக் குக்கர் போதும். தண்ணீருக்கு ஸ்டீல் பாட்டில் எடுத்துப் போக வேண்டும், நீலகிரி முழுக்கப் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை.

ஆனாலும் சொந்தக்காரர்கள் கூடுவதற்கு அது சரியான இடம் இல்லை. ஆளுக்கொரு ரூம். பகலெல்லாம் வண்டி வரிசையில் நிற்பது, சாயங்காலம் களைத்து வந்து கதவைச் சாத்திக்கொள்வது. மாமியாருக்கு முட்டி வலி, ஏற்ற இறக்கத்தில் நடக்க முடியாது. ரூமில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு டிவி பார்ப்பார். அதை வேளச்சேரியிலேயே பார்க்கலாம். கொடைக்கானலும் இதே கதைதான். கொடைரோடு ஸ்டேஷனுக்கு மேல் ரயில் கிடையாது, வளைவுகளில் வாந்தி எடுக்கும் பிள்ளை இருந்தால் இன்னும் சிரமம்.

அதனால் மலையைக் காலாண்டுத் தேர்வு லீவுக்குத் தள்ளிவிட்டோம். செப்டம்பர் கடைசியில் மழை வரலாம். வந்தால் வரட்டும், கூட்டம் குறைவாக இருக்கும்.

ஊர்க் கொடை

நெல்லைப் பக்கம் சித்திரை, வைகாசி பிறந்துவிட்டால் சுடலைமாடன், இசக்கியம்மன், முத்தாரம்மன் கோயில்களில் வரிசையாகக் கொடை. குலதெய்வம் சாஸ்தாவாக இருக்கும் குடும்பங்கள் பங்குனி உத்திரத்துக்குக் கூடிவிடும், ஆனால் அது பெரும்பாலும் பிள்ளைகளின் பரீட்சைச் சமயத்தில் வந்து நிற்கும். கொடைக்கு அந்தச் சிக்கல் இல்லை. வேறொரு சிக்கல் உண்டு: தேதியை நாம் வைக்க முடியாது. கோயிலில் வரி எழுதி, நாள் குறித்துச் சொல்வார்கள். பல கோயில்களில் செவ்வாய்க்கிழமைதான் கொடை. திங்கள் இரவு சாமியை அழைக்கும் குடியழைப்பு, செவ்வாய் மதியக் கொடை, நடு இரவில் சாமக் கொடை, புதன் காலை முடியும். முந்தைய சனி ஞாயிறையும் சேர்த்தால் ஐந்து நாள். ஆபீசில் மூன்று நாள் லீவு போதும்.

பயணத்தில்தான் கொடை மற்ற எல்லாவற்றையும் தோற்கடிக்கிறது. தூரம் 650 கி.மீ. இருந்தாலும் அது ஒரு ராத்திரித் தூக்கம். நெல்லை எக்ஸ்பிரஸில் தாம்பரத்தில் ஏறிப் படுத்தால் விடியும்போது ஊர். சின்னவள் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நேரம், காரில் மகாபலிபுரம் போய் வருவதைவிடக் குறைவு. டிக்கெட் கணக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஐந்து வயதுக்குள் இருந்தால், தனிப் படுக்கை கேட்காவிட்டால் கட்டணம் இல்லை. ஐந்து முதல் பன்னிரண்டுக்குள் என்றால், படுக்கை வேண்டும் என்று போட்டால் முழுக் கட்டணம், வேண்டாம் என்றால் பாதி. ராத்திரி வண்டியில் அந்தப் பாதியை மிச்சம் பிடிக்கப் பார்த்து, ஆறு வயதுப் பையனோடு ஒரே படுக்கையில் படுக்காதீர்கள். காலையில் இடுப்பு பதில் சொல்லும். முன்பதிவு முன்பு 120 நாளுக்கு முன் திறக்கும்; 2024 நவம்பர் முதல் அது 60 நாள்தான். மே மாத வண்டிக்கு மார்ச்சிலேயே அலாரம் வைக்க வேண்டும்.

இனி மொட்டை. கொடையன்றே போட்டுவிடலாமா, தனியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை வைக்கலாமா? இதில்தான் வீட்டில் அதிக நேரம் பேச்சு ஓடியது. தனியாக வைத்தால் எல்லாம் நம் கையில்: நேரம், கூட்டம், படம் எடுக்கிறவர். ஆனால் கூப்பிடுகிற ஒவ்வொருவரும் நம் விருந்தாளி. வேன் பிடிக்க வேண்டும், பந்தல் போட வேண்டும், ஆடு பிடிக்க வேண்டும், சமையல்காரருக்குச் சொல்ல வேண்டும். ஒரு கிலோ அரிசிக்கு ஒரு கிலோ கறி போட்டு எட்டுப் பேர் தாராளமாகச் சாப்பிடலாம் என்பது பிரியாணிக் கணக்கு. நூறு பேர் என்றால் பதிமூன்று கிலோவாவது ஆயிற்று. கொடையன்று வைத்தால் பங்காளிகள் எப்படியும் வந்திருப்பார்கள், கோயில் சாப்பாடும் இருக்கும். நாம் தனியாக அழைக்க வேண்டியது பிள்ளையின் தாய்வழி ஆட்களை மட்டும். அவர்களுக்கு இது குலதெய்வம் இல்லை, ஆனால் அவர்கள் இல்லாமல் காரியம் நடக்காது. தாய்மாமன் மடியில் உட்கார்ந்துதானே பிள்ளைக்கு முடி எடுப்பதும் காது குத்துவதும்.

கொடையன்றே என்பது என் கட்சி. சாமி கும்பிட வந்த கூட்டத்தில் ஒரு வேலையாக மொட்டையும் முடிந்தால், பந்தல் செலவு மட்டுமா மிச்சம், தாய்மாமன் சீரும் அளவோடு நிற்கும். தனி விழா வைத்தால் மேளம் முன்னே போக, பத்துப் பதினைந்து தட்டு பின்னே வர வேண்டும் என்று ஆகிவிடுகிறது. என் தம்பிக்கு இப்போதுதான் கல்யாணமாகி வீட்டுக்கு முன்பணம் கட்டியிருக்கிறான். அவன் ஒரு ஜோடிக் கம்மலும் பிள்ளைக்கு ஒரு பாவாடை சட்டையும் கொண்டுவந்தால் நிறைவு.

வேலை யார் தலையில் என்ற கேள்விக்கு வருவோம். கோயிலில் சமையலுக்கு ஆள் உண்டு. வீட்டில்? காலையில் இருபது பேருக்குக் காப்பி, டிபன், இரவுக்கு ஏதாவது. அது மருமகள்களின் தலையில்தான் விழும். ‘எல்லாரும் சேர்ந்து செய்தால் சுலபம்’ என்பார்கள். அந்த எல்லாரிலும் ஆண்கள் இருக்க மாட்டார்கள். இந்தத் தடவை நான் போட்ட நிபந்தனை ஒன்றுதான். கொடை நாட்களில் காலை இட்லியும் இரவு தோசையும் தெருமுனையில் கடை போட்டிருக்கும் அக்காவிடம் மொத்தமாகச் சொல்லிவிட வேண்டும், பணத்தை மூன்று குடும்பமும் பங்கு போட வேண்டும். மாமியார் முதலில் முகம் சுளித்தார். அப்புறம் அவருக்கும் உட்கார நேரம் கிடைக்கும் என்று தெரிந்ததும் அவரே போன் போட்டுச் சொல்லிவிட்டார்.

பிள்ளைகள் பக்கத்திலிருந்து பார்த்தால் கொடை ஒரு பெரிய பொருட்காட்சி. வில்லுப்பாட்டைப் பெரியவன் கால் மணி நேரம் வாய் பிளந்து கேட்பான், மிச்ச நேரம் பலூன், பஞ்சுமிட்டாய், ராட்டினம். அத்தை பிள்ளைகள், பெரியப்பா பிள்ளைகள் என்று ஒரு பட்டாளமே இருக்கும். நம்மைத் தேடவே மாட்டான். சாமியாடி தீப்பந்தம் பிடித்து வரும்போது பயப்படலாம், முன்கூட்டியே சொல்லி வைத்துத் தோளில் தூக்கிக்கொண்டால் போதும். இன்னொன்று ஆடு. காலையில் இவன் குழை ஒடித்துக் கொடுத்து, பெயர் வைத்து, நட்பாகிவிட்ட ஆடு மதியம் காணாமல் போகும். அதற்கு ஒரு பதிலை இப்போதே யோசித்து வைப்பது நல்லது. என்னிடம் இன்னும் இல்லை. சாமக் கொடைக்குச் சின்னவளைக் கொண்டுபோகப் போவதில்லை. மேளச் சத்தம் அந்த வயதுக் காதுக்கு அதிகம். ஒருவர் வீட்டில் இருந்தாக வேண்டும், அது இவள் அப்பாவாக இருக்கட்டும்.

வெயில் மட்டும் உண்மையான குறை. புதிதாக மழித்த தலை, மேலே சந்தனம், அதற்கு மேல் மே மாத நெல்லை வெயில். மொட்டையைக் காலை எட்டு மணிக்குள் முடித்துவிட வேண்டும், சந்தனம் காய்ந்ததும் மெல்லிய பருத்தித் தொப்பி.

குற்றாலம் ஏன் இல்லை

மாமனாருக்கு வருத்தம்தான். ஆனால் அருவிக்கு நம் பள்ளிக்கூட நாட்காட்டி தெரியாது. தென்மேற்குப் பருவமழை இறங்கினால்தான் சீசன். ஜூனில் தொடங்கி ஆடியில் களைகட்டும். அப்போது பள்ளி திறந்திருக்கும். மேயில் பல நாள் பாறைதான் தெரியும். கோடை மழை பெய்து திடீரென்று தண்ணீர் வந்தால் அது ஆபத்தான தண்ணீர். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் அப்படி வந்த வெள்ளம் ஒரு சிறுவனை அடித்துக்கொண்டு போனது. சின்னப் பிள்ளைகளோடு மேயில் அங்கே போக நான் சம்மதிக்கவில்லை. ஆடியில் ஒரு சனி ஞாயிறு, பொதிகை எக்ஸ்பிரஸில் போய் வரலாம். சாரல், எண்ணெய்க் குளியல், பார்டர் பரோட்டா மூன்றும் அப்போதுதான் அதனதன் ருசியில் இருக்கும்.

நண்பர்களுக்கு: கடற்கரையா, ஏலகிரியா?

நண்பர்கள் கூடுவதற்கு இடம் பக்கத்தில் இருக்க வேண்டும், ஒரு ராத்திரிக்கு மேல் வேண்டாம், யாரும் யாருக்கும் விருந்தாளி இல்லை. ஈசிஆர் பங்களா இதற்கென்றே கட்டியது போலத்தான் தெரிகிறது: நீச்சல் குளம், நாலு ரூம், ஒரு சமையலறை, ஒரு மணி நேரப் பயணம். பிள்ளைகள் குளத்தை விட்டு ஏறவே மாட்டார்கள். அங்கேதான் எனக்கு உதைக்கிறது. ஐந்தாறு பிள்ளைகள், பத்துப் பெரியவர்கள், எல்லாரும் பேச்சு சுவாரசியத்தில் இருக்க, ‘இன்னொருவர் பார்த்துக்கொள்வார்’ என்று ஒவ்வொருவரும் நினைப்பார்கள். போவதானால், போனைக் கையில் எடுக்காமல் குளத்தோரம் உட்கார ஆளுக்கு அரை மணி என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். கடலில் இறக்கவே வேண்டாம். அந்தக் கரை முழுக்க இழுப்பு அதிகம். மதியம் பதினொன்று முதல் நாலு வரை வெளியே தலைகாட்ட முடியாது என்பதையும் கணக்கில் எடுங்கள். அந்த நேரத்தில் செய்வதற்கு ஒன்றும் இல்லை, சாப்பாட்டைத் தவிர. பங்களாவைத் தவிர்த்து, காலையிலேயே வடநெம்மேலி முதலைப் பண்ணையும் முட்டுக்காடு தட்சிணசித்ராவும் பார்த்துவிட்டு மதியம் வீட்டுக்குத் திரும்புவது இதைவிட மலிவு, மலிவான அளவுக்கு மகிழ்ச்சியும் குறையாது. முதலைப் பண்ணைக்குத் திங்கள் விடுமுறை, தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய்.

ஏலகிரிக்கு ஊட்டிக் குளிர் கிடையாது. உயரம் 1,100 மீட்டர் அளவுதான், மதிய வெயில் நன்றாகவே உறைக்கும். ஜலகம்பாறை அருவியும் மேயில் வறண்டிருக்கும். சொல்லிக்கொள்கிற மாதிரி ஒரு ஏரி, ஒரு பூங்கா. ஆனால் சாயங்காலம் காற்று மாறிவிடும், மொட்டை மாடியில் பாய் விரித்து இரவு பத்து வரை பேசலாம். காலையில் கோவை எக்ஸ்பிரஸ் ஏறினால் மூன்று மணி நேரத்துக்குள் ஜோலார்பேட்டை, அங்கிருந்து வேனில் 14 கொண்டை ஊசி வளைவு. வளைவுகளுக்குத் தமிழ்ப் புலவர்கள், மன்னர்கள் பெயர் வைத்திருப்பதால் பெரியவன் பலகை படித்துக்கொண்டே வாந்தியை மறந்துவிடுவான் என்பது என் நம்பிக்கை. பார்க்க ஒன்றும் இல்லாத ஊர் என்பதுதான் இதன் பலம். யாரும் காலையில் ஏழு மணிக்கு எழுப்பி ‘அந்த பாயின்ட் போகலாம், இந்த பாயின்ட் போகலாம்’ என்று விரட்ட மாட்டார்கள். செலவைத் தலைக்கு இவ்வளவு என்று போடாமல், குடும்பத்துக்கு இவ்வளவு என்று போடுவது எங்கள் வழக்கம். இல்லாவிட்டால் குழந்தைக்கு முழுத் தலையா அரைத் தலையா என்ற விவாதம் வரும்.

எங்கள் ஓட்டு ஏலகிரிக்கு. எப்போது போவது என்பதில் மட்டும் ஒரு கண்டிப்பு: கொடைக்கு முன்பு. காது குத்திய புண் ஆற ஆறு வாரம் வரை ஆகும், அதுவரை குளம், குட்டை, அருவி எதுவும் ஆகாது. மொட்டைத் தலையோடு மலைக் காற்றிலும் விட எனக்கு மனசில்லை. ஆகவே ஏப்ரல் கடைசி சனி ஞாயிறு நண்பர்கள், அதற்குப் பிறகு ஊர்.

நடுவில் பெரியவனின் பிறந்தநாள் ஒன்று மேயில் வருகிறது. மேயில் பிறந்த பிள்ளைகளின் பரிதாபம் எல்லாருக்கும் தெரியும்: கேக் இருக்கும், சாப்பிட வகுப்புத் தோழர்கள் ஊரில் இருக்க மாட்டார்கள். ஹால் எடுத்து, பலூன் கட்டி, மூன்று பிள்ளைகளோடு கொண்டாடுவதைவிட, ஊரில் அத்தை பிள்ளைகளோடு பாயசம். பள்ளி திறந்த பிறகு வகுப்பில் மிட்டாய். அவனும் ஒத்துக்கொண்டான், இரண்டு பிறந்தநாள் என்று கணக்கு சொன்னதால்.

இந்த ஏற்பாடு முழுக்க என் தம்பியின் லீவைப் பிடித்துத் தொங்குகிறது. துபாயில் அவனுக்கு மே கடைசிக்குள் லீவு கிடைக்காவிட்டால் கொடையன்று மொட்டை இல்லை. கொடைக்கு நாங்கள் போவோம், மொட்டையும் காதுகுத்தும் ஜூனில் அவன் வரும்போது ஒரு ஞாயிறு தனியாக. அப்போது பந்தலும் ஆடும் எங்கள் செலவு, தட்டு எத்தனை என்பது அவன் மாமியார் வீடு வரை போகும் பேச்சு. மாமனாருக்கு மட்டும் அதில் ஒரு லாபம்: ஜூன் என்றால் அருவியில் தண்ணீர் வந்திருக்கும், திருநெல்வேலியிலிருந்து குற்றாலம் 60 கி.மீ.தான். சின்னவள் காதை நனைக்காமல் கரையில் யார் வைத்திருப்பது என்பதை அப்போது முடிவு செய்துகொள்ளலாம்.